செல்வி யாரை என்னவென்று கூப்பிடுவாள்?

கேள்வி: முதல் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். கதை 1996-ல், எங்கள் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நடக்கிறது. மனைவியை முன்பே இழந்த பலசரக்குக் கடைக்காரர் இறந்துபோகிறார். மூத்த மகன் முருகேசன், அவன் மனைவி ஜெயா, கட்டிக்கொடுத்த மகள் செல்வி (வயது 30), இளையவன் குமார், கடையின் பழைய கணக்குப்பிள்ளை ஆகிய ஐந்து பேருக்கு நடுவே நடக்கும் பாகப்பிரிவினைதான் நாவல். இணையத்தில் கிடைத்த 60 கேள்விப் படிவத்தை ஒவ்வொருவருக்கும் நிரப்பி வைத்துக்கொண்டுதான் எழுதினேன். 140 பக்கம் படித்த தோழி, “எல்லாரும் ஒரே ஆள் மாதிரி பேசுறாங்க, செல்வி மனசுல நிக்கவே இல்ல” என்கிறாள். மொத்தத்தையும் திருத்தி எழுத வேண்டுமா? இரண்டு அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன்.
– ஒரு வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: மொத்தத்தையும் வேண்டாம். மூன்று காட்சிகளைத் திருத்தினால் போதும். அதற்கு முன், அந்தப் படிவத்தை எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள்.

பிடித்த நிறம், பிடித்த சாப்பாடு, சின்ன வயதுப் பயம் என்று அது கேட்பதெல்லாம் ஒருத்தியைத் தனியே உட்காரவைத்துக் கேட்கிற கேள்விகள். பாகப்பிரிவினைக் கதையில் யாரும் தனியே உட்காருவதில்லை. செல்விக்குப் பச்சை பிடிக்கும் என்பது உங்கள் 140 பக்கத்தில் எங்கே பயன்பட்டது? அவள் அண்ணன் மனைவியை எப்படிக் கூப்பிடுகிறாள் என்பதோ பக்கத்துக்குப் பக்கம் தேவைப்படும்.

ஆகவே முதல் வேலை இது. ஒரு தாளில் கட்டம் போடுங்கள். ஐந்து பேர், ஒவ்வொருவரும் மற்ற நால்வரை நேரில் எப்படிக் கூப்பிடுகிறார் என்று 20 கட்டம். ஆள் இல்லாதபோது எப்படிக் குறிப்பிடுகிறார் என்று இன்னொரு 20. கணக்குப்பிள்ளை முருகேசனைச் சின்னப் பையனிலிருந்து பார்த்தவர், “தம்பி” என்றுதான் கூப்பிட்டு வந்திருப்பார். கல்லாவில் முருகேசன் உட்கார்ந்த பிறகு “முதலாளி” என்பாரா? என்றைக்கு மாற்றினார்? செல்வி அவருக்கு 30 வயதிலும் “பாப்பா”தானா? ஜெயா தன் கணவனை “அவுக” என்கிறாள். ஒருநாள் “அந்த மனுசன்” என்று சொல்லிவிட்டால் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று நீங்கள் விளக்க வேண்டியதே இல்லை. மரியாதை கூடுவதும் குறைவதும் வினைமுற்றிலேயே தெரிகிற மொழி நம்முடையது. அதைப் பயன்படுத்தாமல் “அவர்கள் உறவில் விரிசல் விழுந்தது” என்று எழுதுவது பெரிய நஷ்டம். நிரப்ப முடியாத கட்டம் எதுவோ, அந்த இரண்டு பேருக்கு நடுவே நீங்கள் இன்னும் எதையும் யோசிக்கவில்லை என்று பொருள்.

இரண்டாவது, ஆண்டுக் கணக்கு. உங்கள் நாவலுக்கு இது உயிர்நாடி. செல்வி 1966-ல் பிறந்தவள், “இருபதுகளில்” கல்யாணம் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். எந்த ஆண்டு? தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் பங்குரிமை தந்த இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு அது கிடையாது. கடைக் கட்டடம் தாத்தா வழி வந்தது, உயில் இல்லை, இந்த மூன்று பிள்ளைகள்தான் என்று வைத்துக்கொள்வோம். செல்விக்கு 1988-ல் கல்யாணம் என்றால், அப்பாவுக்கும் இரண்டு மகன்களுக்கும் ஆளுக்கு மூன்றில் ஒன்று போக, அப்பாவின் அந்த ஒரு பாகத்தில் மட்டும் அவளுக்குப் பங்கு, மொத்தத்தில் ஒன்பதில் ஒன்று. 1990-ல் கல்யாணம் என்றால் அண்ணன் தம்பிக்குச் சமமாக மூன்றில் ஒன்று. கடை அப்பா சுயமாகச் சம்பாதித்தது என்றால் எந்த ஆண்டானாலும் மூவருக்கும் சமம். (மகளுக்குச் சமப் பங்கு தந்து 2005-ல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் உங்கள் கதைக்குப் பிந்தியது, அதைக் கொண்டுவந்து நுழைத்துவிடாதீர்கள்.)

ஒன்பதில் ஒன்றை விட்டுக்கொடுக்கும் பெண்ணும் மூன்றில் ஒன்றை விட்டுக்கொடுக்கும் பெண்ணும் ஒரே பெண் இல்லை. அவளிடம் கையெழுத்து வாங்க அண்ணன் எத்தனை முறை நடப்பான், என்ன பலகாரம் வாங்கிப் போவான் என்பதுகூட மாறும். இடப்பக்கம் ஆண்டு, மேலே ஐந்து பெயர், கட்டத்துக்குள் அந்த ஆண்டில் அவரவர் வயதும் நிலைமையும் என்று ஓர் அட்டவணை போட்டுக்கொண்டால் இந்த மாதிரி விஷயங்கள் தாமாகவே கண்ணில் படும்.

இனி செல்வி. “அன்பும் பொறுமையும் நிறைந்தவள், தம்பிக்காக எதையும் விட்டுக்கொடுப்பாள்” என்று அறிமுகம் செய்கிறீர்கள். அவள் நிற்காததற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. ஆசையே இல்லாதவள் விட்டுக்கொடுத்தால் வாசகருக்கு வலிக்காது. அவள் விடாமல் பிடித்துக்கொள்கிற ஒரு பொருளைக் கண்டுபிடியுங்கள். அது சின்னதாக, கையில் எடுக்கக் கூடியதாக இருக்கட்டும். சார்பதிவாளர் அலுவலகக் காட்சியை இப்படி எழுதிப் பாருங்கள்:

குமார் பேனாவை நீட்டினான். செல்வி வாங்கவில்லை.
“கல்லாவுக்குக் கீழ ஒரு பித்தளப் படி கெடக்கும்ல, அது எங்க?”
“எந்தப் படி?”
“அப்பா அரிசி அளக்குறது. ஓரம் நெளிஞ்சிருக்கும்.”
முருகேசன் ஜெயாவைப் பார்த்தான். ஜெயா முந்தானையைச் சரிசெய்தாள். “அதப் பழைய பாத்திரத்தோட போட்டாச்சு செல்வி.”
செல்வி பேனாவை வாங்கி, மூடியைக் கழற்றி, மறுபடி மூடினாள். “அப்ப நாளைக்குப் பாத்துக்கிடலாம்ணே.”

இதில் அவளைப் பற்றி ஒரு அடைமொழிகூட இல்லை. கட்டடத்தை எழுதிக்கொடுக்க வந்தவள் படிக்காகக் கையெழுத்தை நிறுத்துகிறாள். பொறுமைசாலிதான், ஆனால் அந்தப் பொறுமைக்கு ஓர் எல்லை இருக்கிறது.

இணைத்த இரண்டு அத்தியாயங்களில் செல்வி ஆறு இடத்தில் அழுகிறாள். ஆறும் ஒரே அழுகை. தொல்காப்பியத்தில் உணர்ச்சிகள் உடலில் வெளிப்படுவதைச் சொல்லும் பகுதியான மெய்ப்பாட்டியல், அழுகைக்கு நான்கு காரணம் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இகழப்பட்டதால், இழந்ததால், இருந்த நிலை கெட்டதால், இல்லாமையால். ஒவ்வோர் இடத்திலும் இது எது என்று பென்சிலில் குறியுங்கள். அப்பாவின் உடலருகே அழுவது இழவு, அது சத்தமாகவே வரும். ஜெயா ஒரு சொல் சொன்னதற்கு அழுவது இளிவு, அதை யாருக்கும் காட்டாமல் அடுப்படிக்குப் போய்விடுவாள். பிறந்து வளர்ந்த கடைக்கே காசோடு வந்து, பலகைக்கு வெளியே நின்று சாமான் கேட்க நேர்வது அசைவு. அப்போது அழாமல் வீட்டுக்கு வந்து, பொட்டலத்தைப் பிரிக்கும்போது அழலாம். ஆறில் இரண்டை வைத்துக்கொண்டு நான்கை எடுத்துவிடுங்கள்.

எல்லாரும் ஒரே குரலில் பேசுவதற்கு ஒரு சோதனை உண்டு. இரண்டு பக்க உரையாடலை எடுத்து, பெயர்களையும் “என்றான், என்றாள்” எல்லாவற்றையும் அடித்துவிட்டுத் தோழியிடம் கொடுங்கள். யார் பேசுவது என்று அவர் ஓரத்தில் குறிக்கட்டும். தப்பாகக் குறித்த வரிகளை மட்டும் திருத்துங்கள். ஓர் எச்சரிக்கை: அந்த வரிகளில் “அங்கிட்டு, இங்கிட்டு” என்று வட்டார வழக்கைக் கூட்டினால் சரியாகாது. வழக்கு ஊரைக் காட்டும், ஆளைக் காட்டாது. ஐந்து பேரும் ஒரே ஊர்தானே. ஆளைக் காட்டுவது பேச்சின் போக்கு. முருகேசன் கேள்விக்குக் கேள்வியாலேயே பதில் சொல்வான். குமார் மற்றவர் வாக்கியத்தைத் தான் முடிப்பான். கணக்குப்பிள்ளை எதையும் தொகையாகச் சொல்வார். ஜெயா தன் விருப்பத்தை “அவுக சொல்லச் சொன்னாக” என்றுதான் சொல்வாள். ஆளுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அதற்கு மேல் போனால் மிமிக்ரி ஆகிவிடும்.

டீ கொண்டுவரும் பையனுக்கும் பத்திரம் எழுதுபவருக்கும் இந்த அட்டவணையெல்லாம் வேண்டாம். ஒரு செய்கை போதும்.

திருத்த வேண்டிய மூன்று காட்சிகள்: காரியம் முடிந்த இரவு கணக்குப் பார்ப்பது, பாகப் பேச்சு முதலில் எழுவது, கையெழுத்து. கையெழுத்தில் தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள், ஏனென்றால் ஐந்து பேரும் ஒரே இடத்தில் நிற்பது அங்கே மட்டும்தான். படி எங்கே போனதென்று ஜெயாவுக்கு மட்டும் தெரியும் என்று வைத்துக்கொண்டு முதல் அத்தியாயத்துக்கு வாருங்கள். கடை திறக்கிற அந்த முதல் பக்கத்தில் அது யாராவது ஒருவர் கையில் அரிசி அளந்துகொண்டிருக்க வேண்டும்.