யாரும் தொடாமல் ஓடும் 100 வாட்

திருச்சியிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி: “நாங்கள் நான்கு பேர். வீட்டுக்குச் சிங்கிள் பேஸ் இணைப்பு. டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஏ.சி.யைப் போடவே இல்லை. ஆனாலும் 540 யூனிட் ஓடி, 2,376 ரூபாய் கட்டினோம். வெளியூரில் வேலை பார்க்கும் மகன் வாங்கி அனுப்பிய எனர்ஜி மானிட்டரை, எலெக்ட்ரீசியனை அழைத்து மெயின் வயரில் கவ்வ வைத்திருக்கிறோம். இரண்டு வாரமாகச் செல்பேசியில் எண்கள் ஏறி இறங்குவதைப் பார்க்கிறேனே தவிர, அவற்றை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. நள்ளிரவில் ஃபிரிட்ஜ் நின்றிருக்கும்போதுகூட 260 வாட்டுக்குக் கீழே இறங்குவதில்லை. மேலும், ஈ.பி. மீட்டரைவிட இது எட்டு சதவீதம் கூடுதலாகக் காட்டுகிறது. எதை நம்புவது? 500 யூனிட்டுக்குள் வருவதற்கு வழி உண்டா?”

முதலில் எதை நம்புவது என்பதைத் தீர்த்துவிடலாம். பணம் கட்டுவது ஈ.பி. மீட்டர் காட்டும் யூனிட்டுக்குத்தான்; வீடுகளில் இப்போதுள்ள எலெக்ட்ரானிக் மீட்டர்கள் பொதுவாக ஒரு சதவீதத் துல்லியத்துக்கு உட்பட்டவை. நீங்கள் விவரிப்பதைப் பார்த்தால், உங்கள் மானிட்டர் வயரைச் சுற்றிக் கவ்விக்கொண்டு மின்னோட்டத்தை மட்டும் அளக்கும் வகையாகத் தோன்றுகிறது. அந்த வகைக் கருவி, மின்னழுத்தம் எப்போதும் 230 வோல்ட் என்று வைத்துக்கொண்டு, ஆம்பியரை அதனால் பெருக்கி வாட் என்று காட்டுகிறது. உங்கள் தெருவில் மாலையில் 210 வோல்ட் வந்தாலும் அதற்குத் தெரியாது. மின்விசிறி, ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டார் போன்றவை இழுக்கும் மின்னோட்டம் முழுவதும் வேலையாக மாறுவதில்லை என்பதும் அதன் கணக்கில் வராது. வீட்டு மீட்டர் உண்மையில் செலவான ஆற்றலை மட்டுமே யூனிட்டாகப் பதிவு செய்வதால், மானிட்டர் சற்றுக் கூடுதலாகச் சொல்வது இயல்பே. கருவி பழுது என்று திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டின் அளவையும் ஒரே நேரத்தில் குறித்துக்கொண்டு, அடுத்த ஞாயிறு மீண்டும் குறியுங்கள். இரண்டுக்கும் இடையிலான விகிதம் வாரத்துக்கு வாரம் அதிகம் மாறாமலிருந்தால், மானிட்டர் சொல்லும் எண்ணை 1.08ஆல் வகுத்துக்கொண்டால் போதும். உங்கள் 260 வாட் அப்போது ஏறத்தாழ 240 வாட் ஆகிறது. இதைச் சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு, அதற்குப் பைசாச் செலவில்லை. ஈ.பி. மீட்டரின் முகப்பில் சிறிய சிவப்பு விளக்கு ஒன்று விட்டுவிட்டுக் கண்சிமிட்டும். அதன் அருகில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்பது அச்சிடப்பட்டிருக்கும். அது 3200 என்றால், இரவில் ஃபிரிட்ஜ் நின்றிருக்கும் நேரமாகப் பார்த்துப் பத்துச் சிமிட்டலுக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று கைக்கடிகாரத்தில் எண்ணி, 11,250ஐ அந்த விநாடிகளால் வகுத்தால் அப்போது வீடு முழுவதும் இழுக்கும் வாட் கிடைத்துவிடும். 47 விநாடி ஆனால் 239 வாட். சிமிட்டல் எண் வேறாக இருந்தால், 3,60,00,000ஐ அந்த எண்ணால் வகுத்து வருவதை 11,250க்குப் பதிலாக வைத்துக்கொள்ளுங்கள். மானிட்டர் வாங்கலாமா என்று கேட்கும் எல்லோரிடமும் நான் முதலில் இந்தச் சோதனையைத்தான் செய்யச் சொல்வது வழக்கம். பாதிப் பேருக்கு அதற்குமேல் கருவியே தேவைப்படுவதில்லை.

இனி அந்த 240 வாட்டுக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான விடை பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கிறது. இரவில் இரண்டு மின்விசிறிகள் ஓடுவதாக வைத்துக்கொண்டால் அவற்றுக்கு ஏறத்தாழ 140 வாட் போகும். மீதி 100 வாட்டை உங்கள் வீட்டில் யாரும் வேண்டுமென்று போடவில்லை. அது அகல் விளக்குபோல இரவு பகலாக எரிந்துகொண்டிருக்கிறது. ஒரு வாட் 60 நாள் இடைவிடாமல் ஓடினால் 1.44 யூனிட் ஆகும் என்ற ஒரே ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 100 வாட் என்றால் 144 யூனிட். நீங்கள் கட்டணம் செலுத்திய 540 யூனிட்டில் நாலில் ஒரு பங்குக்குமேல் இப்படிப் போயிருக்கிறது. அயர்ன் பாக்ஸும் மிக்ஸியும் போடும்போது எண் ஆயிரத்தைத் தாண்டுவதைக் கண்டு பதறுகிறவர்கள், சில நிமிடங்களில் இறங்கிவிடும் அந்தச் சிகரங்களைவிட, இறங்கவே மறுக்கும் இந்தத் தரைமட்டம்தான் அதிகம் விழுங்குகிறது என்பதைக் கவனிப்பதில்லை.

அந்த 100 வாட் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க ஒரு முற்பகல் போதும். மின்விசிறி, விளக்கு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஃபிரிட்ஜின் பிளக்கையும் அரைமணி நேரம் பிடுங்கிவையுங்கள். பிறகு டி.பி. பாக்ஸில் (வீட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் மின்சாரம் பிரியும் பெட்டி) உள்ள எம்.சி.பி.கள் என்னும் சிறு ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாக இறக்கி, ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் பொறுத்திருந்து எண் எவ்வளவு குறைகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். பல மானிட்டர்கள் உடனுக்குடன் புதுப்பிப்பதில்லை என்பதால் இந்தப் பொறுமை அவசியம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் ஒரு சிக்கல் உண்டு: எம்.சி.பி.யை இறக்கியதும் அதன் பின்னாலுள்ள இணைப்புகள் பேட்டரியில் தொடர்ந்து ஓடும், நீங்கள் மறுபடி ஏற்றியதும் இழந்ததை மீட்க இன்வெர்ட்டர் பெரிய அளவில் இழுக்கும். அந்த எண்ணைக் கண்டு ‘இன்வெர்ட்டர்தான் திருடன்’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சில மணி நேரம் கழித்து, பேட்டரி நிரம்பிய பிறகு என்ன இழுக்கிறது என்பதே பார்க்க வேண்டியது.

நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் அகப்படுபவை இவை. பூஜை அறையில் இரவு பகலாக எரியும் ‘ஜீரோ வாட்’ பல்பு: பெயரில் ஜீரோ இருந்தாலும் பழைய இழை வகை பல்பு 12 முதல் 15 வாட் வரை இழுக்கும், 15 வாட் என்றால் இரு மாதத்துக்கு 21 யூனிட்டுக்குமேல். அதே அளவு வெளிச்சம் தரும் அரை வாட் எல்.இ.டி. பல்பு எந்த மின்சாதனக் கடையிலும் கிடைக்கும். அடுத்தது, ஏ.சி.யை நிறுத்தியிருந்தும் அதன் ஸ்டெபிலைசரை நிறுத்தாமல் விட்டுவிடுவது. உள்ளிருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் சும்மா இருந்தாலும் சூடாகிக்கொண்டே இருக்கும், கையை வைத்துப் பார்த்தால் தெரியும். மார்கழி முழுவதும் ஏ.சி.யைத் தொடவில்லை என்கிறீர்கள். சுவரில் ஸ்டெபிலைசரின் சிவப்பு எண் எரிந்துகொண்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ரிமோட்டில் நிறுத்தப்பட்ட செட்-டாப் பாக்ஸ் பெரும்பாலும் உள்ளுக்குள் விழித்துக்கொண்டுதான் இருக்கும். சும்மா செருகியிருக்கும் செல்பேசிச் சார்ஜர் மட்டும் விதிவிலக்கு: இக்காலச் சார்ஜர் அப்படியிருக்கும்போது அரை வாட்டைக்கூடத் தொடுவதில்லை. ஆகவே அதற்காக வீட்டில் யாரையும் கடிந்துகொள்ள வேண்டாம்.

இன்வெர்ட்டரைத் தனியாகச் சொல்ல வேண்டும். நல்ல பேட்டரி நிரம்பியதும் சார்ஜிங் மிகக் குறைந்துவிடும். நான்கைந்து வருடம் ஆன லெட் ஆசிட் பேட்டரி அப்படி அடங்குவதில்லை. நிரம்பாத குடம்போல வாங்கிக்கொண்டே இருந்து, அதை வெப்பமாக வீணடிக்கும். அடிக்கடி டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டியிருப்பதும், பேட்டரியின் பக்கவாட்டைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருப்பதும் அதன் அடையாளங்கள். பவர்கட் எதுவும் இல்லாத நாளில் இன்வெர்ட்டரின் மெயின் பிளக்கை ஒரு நிமிடம் எடுத்துப் பார்த்து, மானிட்டரில் குறையும் வாட்டிலிருந்து அதில் ஓடும் மின்விசிறி, விளக்குகளின் கணக்கைக் கழித்த பிறகும் 40, 50 வாட் மிஞ்சினால், மெக்கானிக்கை அழைத்துப் பேட்டரியைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் வழியை எளிதாக்கும் கணக்கு ஒன்று கட்டண முறையிலேயே இருக்கிறது. 2024 ஜூலை திருத்தத்தின்படி, இரு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் இருப்பவர்களுக்கு முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100 யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70 ரூபாய், 401 முதல் 500 வரை 6.30 ரூபாய். 500ஐத் தாண்டிவிட்டால் 101ஆவது யூனிட்டிலிருந்தே 4.70 ரூபாய் ஆகிவிடுகிறது. அதோடு 501 முதல் 600 வரை யூனிட்டுக்கு 8.40 ரூபாய். 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய் கட்டும் வீடு, 501 யூனிட் ஆனதும் 2,048 ரூபாய் கட்டுகிறது. அந்த ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய்! நீங்கள் 540லிருந்து 490க்கு வந்தால் 2,376 ரூபாய் 1,742 ஆகிவிடும். 634 ரூபாய் மிச்சம், குறைக்க வேண்டியது 50 யூனிட் மட்டுமே. அதற்கு அந்த நிரந்தர 100 வாட்டில் 35 வாட்டைப் பிடித்தால் போதும். ஜீரோ வாட் பல்பும் ஸ்டெபிலைசரும் உங்கள் வீட்டில் இருக்குமானால், அவையே ஏறத்தாழ முக்கால் தூரம் கொண்டுபோய்விடும்.

ஃபிரிட்ஜை மெயின் வயர் மானிட்டரிலேயே ஓரளவு படிக்கலாம். இரவு ஒரு மணிக்கும் நான்கு மணிக்கும் இடைப்பட்ட வரைபடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரே சீராக ஏறி, சிறிது நேரம் நின்று, இறங்கி, மீண்டும் ஏறும் படிகள் தெரியும். ஏறும் உயரம் கம்ப்ரெசரின் வாட், அகலம் அது ஓடும் நேரம். ஃபிராஸ்ட் ஃப்ரீ வகையில் நாளுக்கு ஓரிரு முறை சற்று உயரமான மேடு ஒன்று வரும். அது உறைபனியை உருக்கும் ஹீட்டர், பயப்பட வேண்டியதில்லை. யாரும் கதவைத் திறக்காத அந்த நேரத்தில் படிகளுக்கிடையே பள்ளமே இல்லாமல் தொடர்ந்து ஓடினால்தான் கவலை (வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும் இன்வெர்ட்டர் கம்ப்ரெசர் மட்டும் இதற்கு விலக்கு, அது தாழ்ந்த அளவில் ஓயாமல் ஓடுவது அதன் இயல்பு). கதவு ரப்பரில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் ரப்பர் தளர்ந்திருக்கிறது. பின்புறம் சுவரோடு ஒட்டியிருந்தாலும் இதே கதிதான்.

தண்ணீர் மோட்டாரை யாரும் சந்தேகிப்பதில்லை. ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஏறத்தாழ ஒரு கிலோவாட் இழுக்கும் என்பதால், தினமும் அது ஓடும் நேரம்தான் எல்லாம். ஒரு வீட்டில் வரைபடத்தில் மோட்டாரின் பட்டை இருபது நிமிட அகலத்திலிருந்து சில மாதங்களில் நாற்பது நிமிடமாகப் பெருத்திருந்தது. குழாயின் அடியில் தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வ் கசிந்து, குழாயில் தண்ணீர் நிற்காமல், ஒவ்வொரு முறையும் காற்றை வெளியேற்றவே நேரம் போயிருக்கிறது. கூடுதலான இருபது நிமிடம் இரு மாதத்தில் 20 யூனிட். மோட்டார் ஓடும்போது வழக்கத்தைவிட வாட் குறைவாகக் காட்டினால் சந்தோஷப்படாதீர்கள். மோட்டாரும் பம்பும் ஒன்றாக இணைந்த மோனோபிளாக் வகையில் அது பெரும்பாலும் தண்ணீர் ஏறாமல் வெறுமனே சுழல்வதன் அறிகுறி.

கீசரில் விஷயம் நேரடியானது. 25 லிட்டரை 28 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குச் சூடாக்க ஏறத்தாழ 0.8 யூனிட் ஆகும். நால்வரும் அடுத்தடுத்துக் குளித்துவிட்டு ஸ்விட்சை அணைத்தால் அதைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. குளிக்கும் நேரம் தவிர வேறு வேளைகளில் வரைபடத்தில் 2,000 வாட் உயரத்தில் ஊசிபோல ஒரு கோடு எழுந்து மறைந்தால், யாரோ அணைக்க மறந்திருக்கிறார்கள்.

மின்விசிறியை மாற்றலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். சாதாரண விசிறி 75 வாட், மின்சாரம் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. வகை விசிறி 30 வாட். நாளுக்கு 14 மணி நேரம் ஓடும் ஒரு விசிறியை மாற்றினால் இரு மாதத்தில் 38 யூனிட் குறையும். ஆகவே அதிகம் ஓடும் ஒன்றை, அநேகமாகப் படுக்கையறை விசிறியை, மாற்றுவது நியாயம். விருந்தினர் வந்தால் மட்டும் சுழலும் அறைக்கு வீண் செலவு.

இரண்டு எச்சரிக்கைகள். கவ்வியை இடம் மாற்ற வேண்டியிருந்தால் எலெக்ட்ரீசியனையே அழையுங்கள். மெயின் ஸ்விட்சை அணைத்தாலும் மீட்டரிலிருந்து வரும் வயரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும், மீட்டரின் சீலை யாரும் தொடவே கூடாது. கவ்வி பேஸ் வயரை மட்டும் சுற்றியிருக்க வேண்டும். நியூட்ரலையும் சேர்த்துக் கவ்வினால் எண் ஏறத்தாழ பூஜ்யத்துக்கு வந்துவிடும். தனித்தனிச் சாதனத்தை அளக்கப் பிளக்கில் செருகும் மீட்டர் வாங்கினால், பத்து ஆம்பியர் மீட்டரைக் கீசருக்கோ ஏ.சி.க்கோ பயன்படுத்தாதீர்கள், உருகிவிடலாம். ஆனால் 10, 15 வாட் சாதனங்களுக்கு அந்தச் சிறிய மீட்டர்தான் சரி, ஏனெனில் நூறு ஆம்பியருக்கான கவ்வி அவ்வளவு சிறிய அளவில் துல்லியம் காட்டாது.

ரீடிங் எடுத்த தேதியை வெள்ளை அட்டையில் பார்த்து நாட்காட்டியில் குறித்துவையுங்கள். 500க்குள் நிற்க, நாளுக்கு எட்டு யூனிட் என்பது உங்கள் அளவு. நாற்பதாவது நாள் ஈ.பி. மீட்டரைப் பார்த்து 320 யூனிட்டைத் தாண்டியிருந்தால், மீதமுள்ள இருபது நாளில் திருத்திக்கொள்ள இன்னும் அவகாசம் இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் ஏ.சி. ஓடும்போது 500க்குள் நிற்பது கடினம். அந்த ரீடிங்கில் எல்லையைத் துரத்துவதைவிட, ஏ.சி.யை 26 டிகிரியில் வைத்து விசிறியையும் சேர்த்துப் போட்டால் வரைபடத்தில் கம்ப்ரெசரின் பட்டை எவ்வளவு மெலிகிறது என்று ஒரே வெக்கையுள்ள இரண்டு இரவுகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.