கிருஷ்ணகிரியில் வாங்கிய சுறாப் பல் புதைபடிவம் அசல்தானா?

"பக்கத்திலேயே தோண்டி எடுத்தது" என்று விற்றவர் சொன்னாரென்று எழுதியிருக்கிறீர்கள். அதை நம்பாதீர்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி நிலம் பெரும்பாலும் சுமார் 250 கோடி ஆண்டுப் பழைய பாறை. அப்போது சுறாவே கிடையாது. தமிழ்நாட்டில் சுறாப் பல் கிடைப்பது அரியலூர்ப் பக்கம். சந்தைக்கு மொராக்கோ சரக்கும் நிறைய வருகிறது.

அதனால் பல்லே போலி என்றாகிவிடாது. 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். எனாமல் வழவழவென்று, பெரும்பாலும் மெல்லிய நெடுக்கு விரிசல்களோடு இருக்கும். வேர் மங்கலாக, நுண்துளைகளோடு இருக்கும். குட்டிக் குமிழியோ, ஓரத்தில் அச்சுக்கோடோ தெரிந்தால் ரெசின் வார்ப்பு.

வேரும் பல்லும் சேரும் இடத்தில் மணல் அப்பியிருக்கிறதா? அங்கேதான் கவனம் வேண்டும். உடைந்த இரண்டு பற்களைப் பசையால் ஒட்டி, மணல் தூவி மறைத்துவிடுவார்கள். ஊசியைக் காய்ச்சி அங்கே லேசாக வையுங்கள். பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தால் ஒட்டுவேலைதான்.