நின்றால் சூடு, ஓடினால் சரி: பழைய மியாட்டாவில் எங்கே தேடுவது?

கேள்வி: என்னிடம் 1990 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5 மியாட்டா இருக்கிறது, 1.6 லிட்டர் என்ஜின். ஓடும்போது ஒரு தொந்தரவும் இல்லை. நெரிசலில் கொஞ்ச நேரம் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏற ஆரம்பிக்கிறது, வண்டி நகர்ந்ததும் இறங்கிவிடுகிறது. ஒரு மெக்கானிக் ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் ஹெட் கேஸ்கட் (என்ஜினின் மேல் பாகத்துக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள அடைப்பு) போயிருக்கும் என்கிறார். இதுபோக, இரண்டு வாரம் எடுக்காமல் விட்டால் பேட்டரி இறங்கிவிடுகிறது. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: இரண்டு பேர் சொன்னதையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. நின்றால் சூடாகிறது, ஓடினால் ஆறுகிறது என்றால் ரேடியேட்டருக்குக் காற்று போதவில்லை என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். ஓடும்போது காற்று தானாக வந்து மோதுகிறது. நிற்கும்போது ஃபேன்தான் இழுத்துத் தர வேண்டும். இதுவே தலைகீழாக, வேகமாக ஓட்டும்போது சூடேறி மெதுவாகப் போனால் ஆறுகிறது என்றிருந்தால், அடைத்த ரேடியேட்டர், முழுதாகத் திறக்காத தெர்மோஸ்டாட், தேய்ந்த வாட்டர் பம்ப் என்று வேறு பக்கம் போயிருப்பேன்.

முதலில் என்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது, காலையில் எடுப்பதற்கு முன், ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். கூலண்ட் வாய் வரை நிற்க வேண்டும். பக்கத்து பிளாஸ்டிக் டப்பாவில் அளவு சரியாக இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். மூடியின் ரப்பர் கெட்டிருந்தால் டப்பா நிறைந்தே இருக்கும், ரேடியேட்டர் குறைந்திருக்கும். சூடாக இருக்கும்போது அந்த மூடியில் கை வைக்கவே கூடாது.

அப்புறம் ஃபேன். வண்டியை நிறுத்தியபடியே ஓடவிட்டு, முள் வழக்கமான இடத்தைத் தாண்டும்போது ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றவில்லை என்றால் இந்த வண்டியில் ஒரு வசதி உண்டு. என்ஜின் அறையில் டயக்னோசிஸ் என்று மேலே எழுதிய சின்னப் பெட்டி இருக்கும். மூடியைத் தூக்கினால் உள்பக்கம் ஒவ்வொரு துளைக்கும் பெயர் போட்டிருப்பார்கள். சாவியை ஆன் நிலையில் வைத்து, டிஎஃப்ஏ (TFA), ஜிஎன்டி (GND) என்ற இரண்டு துளைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணையுங்கள். ஃபேன் உடனே சுற்றினால் மோட்டார், ரிலே, பியூஸ் மூன்றும் நல்லவை. தவறு சூட்டை உணரும் தெர்மோ சுவிட்சிலோ அதற்குப் போகும் ஒயரிலோதான். அது தெர்மோஸ்டாட் கூட்டின் மேலேயே இருக்கும் சின்னச் சாமான், கழற்றுவதும் சுலபம். இணைத்தும் சுற்றவில்லை என்றால் ஃபேன் மோட்டாருக்குப் பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். அப்போது சுற்றினால் ரிலே, பியூஸ், கனெக்டர் பக்கம் தேடுங்கள். அப்போதும் அசையவில்லை என்றால் மோட்டாரின் ஆயுள் முடிந்துவிட்டது. முப்பது வருடத்துக்கு மேல் ஓடிய மோட்டாரிடம் அதற்கு மேல் கேட்பது நியாயமும் இல்லை.

சுற்றினாலும் விட்டுவிடாதீர்கள். ஒரு தாளை வண்டியின் முன்பக்கம் ரேடியேட்டரை ஒட்டிப் பிடியுங்கள். ஃபேன் ஓடும்போது தாள் ஒட்டிக்கொள்ள வேண்டும். தள்ளிவிட்டால் யாரோ மோட்டாரை மாற்றும்போது ஒயர்களை மாற்றிப் போட்டிருக்கிறார்கள், ஃபேன் எதிர்த்திசையில் சுற்றுகிறது. பழைய வண்டிகளில் இந்தக் கூத்து நடப்பதுண்டு. ஏசி உள்ள வண்டி என்றால், ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பாருங்கள். இலையும் பூச்சியும் தூசியும் அங்கே கம்பளி மாதிரி படிந்து கிடக்கும், வெளியிலிருந்து தெரியாது.

இவ்வளவும் சரியாக இருந்தால்தான் ரேடியேட்டர் மேல் சந்தேகப்படலாம். அதற்கும் ஒரு அடையாளம் சொல்கிறேன். அசல் ரேடியேட்டரின் மேல் தொட்டி கறுப்பு பிளாஸ்டிக். வயதாக ஆக அது பச்சை கலந்த பழுப்பாக மாறும். அந்த நிறம் வந்துவிட்டால் விரிசல் விடும் நாள் தூரத்தில் இல்லை. உங்கள் சூட்டுக்குக் காரணம் வேறாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள், அந்த விஷயத்தில் முதல் மெக்கானிக் சொன்னது சரி. கூலண்ட் மாற்றிய பிறகு வண்டியின் மூக்குப் பக்கத்தைச் சற்று உயர்த்தி, மூடியைத் திறந்தபடி, ஹீட்டரைச் சூட்டுப் பக்கம் வைத்து, குமிழி நிற்கும் வரை ஓடவிட வேண்டும். உள்ளே காற்று மாட்டிக்கொண்டால் புது ரேடியேட்டரும் சூடேறும்.

ஹெட் கேஸ்கட்டுக்கு வருவோம். அது போயிருந்தால் கசிவே இல்லாமல் கூலண்ட் குறையும், குளிர்ந்த என்ஜினை எடுத்த சில நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி விறைக்கும், ரேடியேட்டர் வாயில் குமிழி விடாமல் வந்துகொண்டே இருக்கும். சந்தேகம் தீரவில்லை என்றால் ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் ரசாயனச் சோதனை இருக்கிறது. புகை வாயு கலந்திருந்தால் அந்த நீலத் திரவம் மஞ்சளாகும். இந்தச் சோதனையைச் செய்யாமல் ஹெட்டைக் கழற்றச் சொல்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். நீங்கள் சொன்ன அறிகுறியில் இதற்கான தடயம் எதுவும் இல்லை. ஆனால் முள் சிவப்புக்குப் போகும் வரை விட்டீர்களானால் கேஸ்கட் நிஜமாகவே போகும். நெரிசலில் மாட்டிக்கொண்டால் ஹீட்டரை முழுச் சூட்டில், புளோயரை முழு வேகத்தில் போடுங்கள். வியர்க்கும்தான், என்ஜின் பிழைக்கும். அப்படியும் ஏறினால் அணைத்துவிடுங்கள்.

பேட்டரி விஷயம் தனி. அது டிக்கியில் இருக்கிறது என்பதால் அங்கிருந்தே ஆரம்பியுங்கள், டிக்கி விளக்கு மூடிய பிறகும் எரிகிறதா என்று. பிறகு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, நெகட்டிவ் கம்பியைக் கழற்றி, இடையில் மல்டிமீட்டரை வைத்து அளவு பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் காட்டினால் எங்கோ ஒழுகுகிறது. பியூஸ்களை ஒவ்வொன்றாக உருவினால் எதை எடுக்கும்போது விழுகிறதோ அதுதான் குற்றவாளி. பிற்பாடு மாட்டிய ஆடியோவும் அலாரமும்தான் பெரும்பாலும் மாட்டும். இன்னொன்று, இந்த வண்டிக்கு வந்தது மூடிய வகைப் பேட்டரி, வாயு வெளியேறக் குழாயும் உண்டு. யாராவது சாதாரண பேட்டரியைக் குழாய் இல்லாமல் வைத்திருந்தால் அமில ஆவி டிக்கித் தகட்டை அரித்திருக்கும், பேட்டரியைத் தூக்கி அடியில் பாருங்கள்.

ஃபேன் வேலைக்காக முன்பக்கம் குனியும்போது கிராங்க் புல்லியையும், அதாவது என்ஜினின் முன்முனையில் சுற்றும் பெல்ட் சக்கரத்தையும், கவனியுங்கள். நடுவில் நான்கு வெட்டுகள் இருந்தால் அது முன்முனை குட்டையான ஆரம்பகால கிராங்க், 'குட்டை மூக்கு' என்பார்கள்; எட்டு இருந்தால் பிந்தையது. குட்டை மூக்கில் டைமிங் பெல்ட் மாற்றும்போது நடு போல்ட்டைச் சரியாக முறுக்காவிட்டால் சாவிக்காடி (கிராங்கில் பூட்டுச் சாவி உட்காரும் பள்ளம்) தேய்ந்து கிராங்க்கே பாழாகும். என்ஜின் ஓடும்போது புல்லி ஆடுகிறதா என்று பாருங்கள். பெல்ட்டை 1,00,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஆனால் குறைவாக ஓடும் வண்டியில் கிலோமீட்டரைக் கணக்கில் எடுத்துப் பயனில்லை. எப்போது மாற்றியது என்பதற்கு ரசீது இல்லை என்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளாத என்ஜின் இது, அந்த மட்டும் ஆறுதல். நடுவழியில் நிற்பது மட்டும் உறுதி. பெல்ட்டுக்காகத் திறக்கும்போதே வாட்டர் பம்பையும் ஹோஸ்களையும் சேர்த்து மாற்றிவிட்டால் அதே கூலியில் முடியும்.