சுவரும் சேவலும் – கடிதம்

அன்புள்ள சார்,

வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் சுவர் ஓவியங்களைத் தேடிச் சுற்றுகிறேன். கண்ணகி நகர், இந்திரா நகர் ரயில் நிலையம் என்று இதுவரை நூற்று நாற்பது படங்கள் எடுத்திருக்கிறேன், சிலவற்றை இணைத்துள்ளேன். கண்ணகி நகரில் ஒரு பெரியவர், "படம் போட்டாங்க, தண்ணி எங்க?" என்று என்னிடமே கேட்டார். அன்றிலிருந்து உறுத்தல். ஏழைகள் குடியிருப்புக்கு வர்ணம் பூசுவது கலையா, மூடிமறைப்பா? மாநகராட்சி அனுமதியோடு பெயிண்ட் கம்பெனி உதவியில் வரைவதைத் தெருக்கலை என்று சொல்லலாமா? முகம் காட்டாமல் சுவர்களில் வரைகிற இங்கிலாந்து ஓவியர் பாங்க்ஸி மாதிரி ஒருவர் ஏன் நம்மிடம் வரவில்லை?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் ஒரு சாவுக்குப் போய்விட்டு வந்திருந்தேன். இறந்தவர் நாற்பது வருடம் வடசென்னைச் சுவர்களில் எழுதியவர். தெருமுனையில் அவருக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்திருந்தார்கள். ஃப்ளெக்ஸ். அதில் அவர் பெயரில் ஒற்று விட்டுப்போயிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன், மாலை போடப் போனவன் அதை மறந்துவிட்டேன். அதனால் இந்தப் பதில் கொஞ்சம் கோணலாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாங்க்ஸியை விட்டுவிடுவோம். முகம் தெரியாமல் இரவோடு இரவாகச் சுவரில் வேலையைக் காட்டிவிட்டுப் போனவர்கள் இந்த ஊரில் ஆயிரம் பேர், அவர்களை யாரும் ஏலம் எடுக்கவில்லை, அவ்வளவுதான். அனுமதி விஷயமும் அப்படித்தான். பொது இடங்களை அலங்கோலப்படுத்தக் கூடாது என்று 1959லேயே இங்கே சட்டம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் எழுதாமல் விட்ட சுவர் எது, சொல்லுங்கள் பார்ப்போம். அதற்கு முன்னாலேயே, 1952ல், ரயில் நிலையப் பலகைகளில் இருந்த இந்தி எழுத்துகளைத் தார் பூசி அழிக்கச் சொன்னார் பெரியார். அடுத்த வருடம் டால்மியாபுரம் பலகைமேல் 'கல்லக்குடி' என்று தாள் ஒட்டப்போய்க் கருணாநிதி சிறைக்குப் போனார். பெரியாரின் கருத்துகளை ஊர் ஊராகச் சுவரில் எழுதிய ஒருவருக்குச் சுவரெழுத்து சுப்பையா என்றே பெயர், தொழில் பெயருக்கு முன்னால் போய் ஒட்டிக்கொண்டது. இதையெல்லாம் கிராஃபிட்டி என்று நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதனால் அது கண்ணில் படுவதில்லை.

இப்போது உங்களைக் கொஞ்சம் திட்டப் போகிறேன். நீங்கள் அனுப்பிய படங்களை ஒன்றுவிடாமல் பார்த்தேன். நல்ல கேமரா, நல்ல கண். ஆனால் ஒரு படத்தில்கூட ஒரு எழுத்து இல்லை! ஒரு மனிதரும் இல்லை. கண்ணகி நகர் படம் ஒன்றில் கீழ் ஓரத்தில் பச்சை பிளாஸ்டிக் குடத்தின் வாய் மட்டும் தெரிகிறது, மிச்சத்தை வெட்டியிருக்கிறீர்கள். தண்ணி எங்கே என்று கேட்டாரே அந்தப் பெரியவர், அவர் எங்கே? இந்திரா நகர் ரயில் நிலையச் சுவர்ப் படத்துக்குக் கீழே 'பெரிய பெரிய முகங்கள், செம' என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பி, அது 2021ல் ஏ-கில் என்கிற தெருஓவியரின் குழுவினர் வரைந்தது, எச்ஐவி தொற்றோடு வாழ்கிறவர்களை ஒதுக்கிவைக்கிறோமே, அதைக் கேள்வி கேட்பதற்காக வரைந்தது. முகத்தைப் பார்த்து யாருக்குத் தொற்று என்று உங்களால் சொல்ல முடியுமா என்பதுதான் அந்தச் சுவர் நம்மிடம் கேட்பது. நீங்கள் 'செம' என்று சொல்லிவிட்டுப் பறக்கும் ரயிலைப் பிடித்துவிட்டீர்கள்.

சரி, கோபித்துக்கொள்ள வேண்டாம். நானும் முதலில் இந்த எழுத்துகளைப் பார்த்ததில்லை, சுண்ணாம்பு வாளி தூக்கியதால்தான் பார்த்தேன்.

1989 சட்டமன்றத் தேர்தல். எனக்குப் பதினேழு வயது, வியாசர்பாடியில் பக்கத்து வீட்டு அண்ணனை, இப்போது இறந்துபோனாரே அவரைத்தான், எல்லோரும் ஆர்ட்டிஸ்ட் என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளம் இல்லை, டீயும் பரோட்டாவும் உண்டு என்று சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஜனவரி 21 வாக்குப்பதிவு, அதனால் மார்கழி முழுக்க ராத்திரி வேலை. பனியில் சுண்ணாம்பு லேசில் காயாது, காயாமல் எழுதினால் எழுத்து அழுதுவிடும். வெள்ளையடித்துவிட்டுக் காயும்வரை குந்தி உட்கார்ந்திருப்போம். முதலில் சுவரைப் பிடிக்க வேண்டும், அதாவது வெள்ளையடித்து ஒரு மூலையில் கட்சிப் பெயரையும் வருடத்தையும் சின்னதாக எழுதிவைத்துவிட்டால் அந்தச் சுவர் அவர்களுடையது, மற்றவன் தொட மாட்டான். தொட்டால் மறுநாள் காலையில் கைகலப்பு.

நூலைக் காவிப்பொடியில் தோய்த்து, இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டிவிட்டால் சுவரில் பட்டென்று ஒரு கோடு விழும். நூல் அடிப்பது என்று பெயர். ஒரு முனை என் கையில்தான் இருக்கும். இரண்டு கோட்டுக்கு நடுவில் எழுத்து. வர்ணப்பொடியில் வஜ்ரப் பசையைக் காய்ச்சி ஊற்றிக் கலக்கிவைத்திருப்பார், அந்த நாற்றம் நாலு நாளைக்குக் கையைவிட்டுப் போகாது. அண்ணன் முதலில் எழுத்தை எண்ணி, சுவரைக் காலடியால் அளந்து, அப்புறம்தான் தூரிகையைத் தொடுவார். ஒரே ஒரு நாள் எண்ணாமல் எழுதினார். 'வாக்களிப்பீர்' என்பதில் கடைசி ர் மட்டும் சுவர் முடிந்து பக்கத்துச் சந்துக்குள் திரும்பிவிட்டது. சந்துக்குள் போனால்தான் அந்த ர் தெரியும். தேர்தல் முடிந்து பல மாதம் அது அங்கேயே இருந்தது.

அந்தத் தேர்தலில்தான் இரட்டை இலை முடக்கப்பட்டது. எம்.ஜி.ஆர். இறந்து கட்சி இரண்டாகி, ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. அரசியல் பேசுகிறவர்கள் இதை அரசியலாகப் பேசுவார்கள், ஆனால் சுவர் எழுதுகிறவனுக்கு இது என்ன மாதிரி இடி தெரியுமா? உதயசூரியன் என்றால் இரண்டு மலை, அரை வட்டம், கதிர்கள், கண்ணை மூடிக்கொண்டு போடலாம். இலை அதைவிடச் சுலபம். சேவலுக்கு வால் இருக்கிறது! அண்ணன் எதிர்வீட்டுச் சேவலைக் கேட்டு வாங்கி, காலில் கயிறு கட்டி, பட்டறை வாசலில் விட்டு, இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் பட்டைத் தூரிகையால் ஐந்தே இழுப்பு, வால் நின்றது. ஒவ்வொரு இழுப்பும் அடியில் தடித்து நுனியில் மெலிந்து வளைய வேண்டும், மணிக்கட்டு திரும்புகிற நொடியில்தான் அது இருக்கிறது. நான் ஆயிரம் தடவை முயன்றேன், எனக்குத் துடைப்பம்தான் வந்தது. புறா மட்டும் கடைசிவரை அவருக்குச் சரியாக வரவில்லை. வட்டச் செயலாளர் ஒருவர் வந்து, "என்னாப்பா, வாத்து மாதிரி கீது" என்றார். அண்ணன் திரும்பியே பார்க்காமல், "எலக்‌ஷன் வரட்டும், பறக்கும்" என்றார்.

மூன்று கட்சிக்கும் அதே கைதான். ஒரே ராத்திரியில் சூரியனும் சேவலும் புறாவும். தோற்ற கட்சிகளில் ஒன்று கடைசிவரை காசு தரவில்லை, அது வேறு கதை.

அவருடைய லை-யைச் சொல்லாமல் விட முடியாது. 1978ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து, லை, னை எல்லாம் இன்று நீங்கள் எழுதுகிற வடிவத்துக்கு மாறிவிட்டன. அண்ணன் 89லும் 'தலைவர்' என்று எழுதும்போது லை-க்குப் பழைய வடிவத்தின் வளைந்த யானைத் துதிக்கைதான் போடுவார். சென்னைக்கும் துதிக்கைதான். ஒரு ஆசிரியர் நின்று, இது செல்லாது என்று சொன்னதற்கு, "துதிக்கை இல்லாட்டி எழுத்துக்கு முகமே இல்லை சார்" என்றார். நான் இன்று பத்தியின் முதல் எழுத்தைப் பெரிதாகப் போடச் சொல்லி அச்சகத்தில் சண்டை போடுகிறேன் என்றால், அந்தச் சண்டை அங்கே கற்றதுதான்.

தலைமைத் தேர்தல் ஆணையராகச் சேஷன் வந்து தேர்தல் சுவரெழுத்தை நெருக்கினார், அதன் பிறகு ஃப்ளெக்ஸ் வந்து மிச்சத்தை முடித்தது. அண்ணா சாலையில் கட்அவுட் எழுப்பிய கைகளெல்லாம் சும்மா உட்கார்ந்தன. 2009-10 வாக்கில் மாநகராட்சி அதே அண்ணா சாலைச் சுவர்களில் போஸ்டரைத் தடைசெய்து, பேனர் ஓவியர்களைக் கூப்பிட்டுக் கோயிலும் நடனமும் வரையச் சொன்னது. சில பேருக்குக் கொஞ்ச காலம் சோறு. நம் அண்ணன் போகவில்லை, "எழுத்து இல்லாத சுவருல எனக்கு என்ன வேலை" என்று சொல்லிவிட்டார். கடைசிக் காலத்தில் 'விளம்பரம் செய்யாதீர்', 'சிறுநீர் கழிக்காதே' என்று வீட்டுச் சுவர்களில் எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அதற்கும் நூல் அடிப்பார்.

உங்கள் கேள்வியை மறந்துவிட்டேன் என்று நினைப்பீர்கள், பாதி மறந்ததும் உண்மை. கண்ணகி நகர் என்பது நகரத்துக்குள் ஆற்றோரங்களில் இருந்தவர்களைப் பிடுங்கி, 2000லிருந்து பழைய மகாபலிபுரம் சாலை (ஓஎம்ஆர்) ஐடி கம்பெனிகளுக்குப் பின்னால் கொண்டுபோய் இறக்கிய இடம். 2020ல் சுவருக்குப் படம் வந்தது. படம் வரைந்தவர் தண்ணீர் தர முடியாது, தண்ணீர் தர வேண்டியவர் படம் காட்டித் தப்பிக்கவும் கூடாது. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு நீங்கள் அல்லாட வேண்டாம். அந்தப் பெரியவரின் கேள்விதான் கேள்வி, அதை மாநகராட்சிக்கு ஒரு மனுவாக எழுதுங்கள், எனக்கு எழுதாதீர்கள்.

அடுத்த ஞாயிறு வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு பக்கம் போங்கள். கடை ஷட்டர், மீன்பிடிப் படகு, தண்ணீர் லாரியின் பின்புறம், எதிலாவது கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். கீழே வலது மூலையில் பெயரோடு போன் நம்பரும் சின்னதாக எழுதியிருப்பார்கள். கூப்பிடுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கூப்பிடுங்கள், பகலில் கையெல்லாம் பெயிண்டாக இருக்கும், எடுக்க மாட்டார்கள்.