டீன்ஏஜ் பிள்ளைகளோடு தேசியப் பூங்கா: கோடைக்காலக் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அமெரிக்கத் தேசியப் பூங்காக்களுக்கு ஜூலை மாதப் பயணம் பற்றியவை. எல்லா வீட்டிலும் 13 முதல் 17 வயதுக்குள் ஒரு பிள்ளை, சில வீடுகளில் ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டி. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

ஜூலையில் ஏழு நாள் லீவ். யெல்லோஸ்டோன், கிராண்ட் கேன்யன், யோசெமிட்டி மூன்றையும் முடித்துவிடலாமா? பையனுக்கு 14, பெண்ணுக்கு 17. (டல்லஸ்)

முடிக்கலாம், காருக்குள் உட்கார்ந்தபடியே. யெல்லோஸ்டோனிலிருந்து கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்புக்கு 800 மைலுக்கு மேல். நிற்காமல் ஓட்டினால் 13 மணி நேரம். அங்கிருந்து யோசெமிட்டிக்கு இன்னொரு முழுநாள். மேப்பில் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம்.

யெல்லோஸ்டோன் மட்டுமே சுமார் 9,000 சதுர கிலோமீட்டர். உள்ளே எட்டு வடிவில் சுற்றிவரும் சாலை 140 மைல் சொச்சம். வேக வரம்பு 45 மைல். நடுரோட்டில் ஒரு பைசன் கூட்டம் நின்றுவிட்டால் அந்த வேகமும் கிடையாது. சால்ட் லேக் சிட்டிக்கு விமானத்தில் போய் அங்கிருந்து ஐந்து மணி நேரம் காரில் போங்கள். யெல்லோஸ்டோனுக்கு நாலு நாள், தெற்கே ஒட்டியிருக்கும் கிராண்ட் டீட்டனுக்கு இரண்டு நாள். பூங்காவின் பெரும்பகுதியில் போன் சிக்னல் கிடையாது. கிளம்பும் முன்பே ஆஃப்லைன் மேப் இறக்கிக்கொள்ளுங்கள்.

யெல்லோஸ்டோன் உள்ளேயே தங்க வேண்டும், ஜூலை இரண்டாவது வாரம், இரண்டு ரூம். எங்கே புக் செய்வது? (எடிசன்)

மே மாதம் எழுதுகிறீர்கள். உள்ளே இருக்கும் லாட்ஜ்களுக்கு சுமார் ஒரு வருடம் முன்பே புக்கிங் திறந்துவிடுகிறது. இப்போது உங்களுக்கு மிச்சம் இருப்பது கேன்சலேஷன்தான். தினமும் காலையில் ஒரு தடவை புக்கிங் தளத்தைப் பாருங்கள். ஒரே இடத்தில் எல்லா இரவும் கிடைக்க வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். கிடைக்காவிட்டால் பூங்கா வாசலை ஒட்டிய ஊர்களான வெஸ்ட் யெல்லோஸ்டோன் அல்லது கார்டினர். உள்ளே, 1904-இல் திறந்த ஓல்ட் ஃபெய்த்ஃபுல் இன் என்ற லாட்ஜில் பழைய ரூம் கிடைத்தால், பாத்ரூம் வராண்டாவில் பொதுவாக இருக்கலாம். ஏசி, டிவி இரண்டும் இல்லை. போய் இறங்கிய பிறகு பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாதீர்கள், புக் செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

பையனுக்கு 16, ஸ்கூல் சாக்கர் டீமில் இருக்கிறான். கிராண்ட் கேன்யனில் கீழே ஓடும் ஆற்றங்கரை வரை இறங்கி அன்றைக்கே ஏறிவிடலாம் என்கிறான். ஜூலை கடைசியில் போகிறோம். (அட்லாண்டா)

கூடாது. வழக்கமாக "பார்த்துக்கொள்ளுங்கள்" என்று முடிப்பேன், இதில் முடிக்க மாட்டேன். பிரைட் ஏஞ்சல் பாதையில் ஆற்றுக்குப் போக ஒரு வழிக்கே சுமார் எட்டு மைல், 4,000 அடிக்கு மேல் இறக்கம். மேலே காற்று இதமாக இருக்கும்போது கீழே 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மலை ஏறுவதில் கடினமான பாதி முதலில் வந்துவிடும். இங்கே அது கடைசியில், உடம்பு தளர்ந்த பிறகு வருகிறது. இறங்க ஆன நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஏறுவதற்கு என்று கணக்கு வையுங்கள். காலை 10 மணியிலிருந்து மாலை 4 வரை உள்ளே நடக்காதீர்கள் என்று ரேஞ்சர்கள் ஒவ்வொரு கோடையிலும் கத்திக்கொண்டிருக்கிறார்கள்.

விடியும் முன் கிளம்பி ஒன்றரை மைல் ரெஸ்ட் ஹவுஸ் வரை இறங்கி ஏறட்டும். அல்லது சவுத் கைபாப் பாதையில் ஊ-ஆ பாயின்ட், ஒரு மைல்கூட இல்லை, சூரிய உதயத்துக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. தண்ணீரோடு உப்பும் வேண்டும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி அதுவும் ஆபத்தாகிவிடும். முறுக்கு, காராசேவு, உப்புக் கடலை தாராளமாக எடுத்துப் போங்கள்.

கிராண்ட் கேன்யனின் கண்ணாடிப் பாலம் (ஸ்கைவாக்) பார்க்க வேண்டும். எங்களிடம் வருடாந்திர பாஸ் இருக்கிறது, செல்லுமா? (ஹூஸ்டன்)

செல்லாது. ஸ்கைவாக் இருப்பது ஹுவாலபாய் பழங்குடியினரின் நிலத்தில், தேசியப் பூங்காவில் அல்ல. தெற்கு விளிம்பிலிருந்து நாலு மணி நேரத்துக்கும் மேல் தள்ளி. பாலத்தின் மேல் உங்கள் போனுக்கும் அனுமதி இல்லை. ஆன்டிலோப் கேன்யனும் இப்படித்தான்: நவாஹோ நிலம், வழிகாட்டியோடு மட்டுமே போகலாம், தனி டிக்கெட்.

மகள் 11-ஆம் வகுப்பு போகிறாள். பயண நாட்களில் தினமும் மாலை இரண்டு மணி நேரம் ஆன்லைனில் எஸ்ஏடி (கல்லூரி நுழைவுத் தேர்வு) வகுப்பு. யெல்லோஸ்டோனில் எந்த லாட்ஜில் வைஃபை நன்றாக இருக்கும்? அவளுக்குப் பயணத்தில் ஆர்வமே இல்லை, எப்படிக் கிளப்புவது என்றும் சொல்லுங்கள். (சான் ஹோசே)

ஒரே கடிதத்தில் கேள்வியையும் பதிலையும் எழுதியிருக்கிறீர்கள். சாயங்காலம் அவளுக்கு வகுப்பு. காலை ஐந்து மணிக்கு நீங்கள் எழுப்புவீர்கள். நடுவில் அப்பா போட்ட எக்செல் ஷீட்படி பன்னிரண்டு இடம். இதில் அவளுக்கு என்ன இருக்கிறது? டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஏற்றி வைத்த பெட்டி மாதிரி அவளையும் ஏற்றிக்கொண்டு போகிறீர்கள். இப்படி ஒரு கடிதமாவது வராத கோடை கிடையாது.

வைஃபை விஷயம் சுருக்கமாக: நம்பாதீர்கள். இருக்கும் இடத்திலும் வீடியோ வகுப்புக்குத் தாங்காது. வகுப்பை நாலு நாள் நிறுத்துங்கள். பரீட்சைக்கு ஒன்றும் ஆகிவிடாது.

அப்புறம், ஒரு முழுநாளை அவள் கையில் கொடுங்கள். அப்பர் கைசர் பேசினில் கைசர் எனும் பீறிடும் வெந்நீர் ஊற்றுகள் நடந்துபோகும் தூரத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. அவற்றில் சில எப்போது பீறிடும் என்று பூங்காவே கணித்து வெளியிடுகிறது. ஓல்ட் ஃபெய்த்ஃபுல் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை, பத்து நிமிடம் முன்னே பின்னே. கிராண்ட் கைசருக்கு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும், ஆனால் 200 அடி வரை எழும்பும். ரிவர்சைட் கைசர் ஆற்றின் மேலேயே வளைந்து பாயும். எதற்கு முதலில் போவது, எங்கே காத்திருப்பது, எதை விட்டுவிடுவது என்று அவள் முடிவு செய்யட்டும். எஸ்ஏடியில் வரும் நிகழ்தகவுக் கணக்கும் இதுதான் என்று வேண்டுமானால் உங்கள் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள், அவளிடம் சொல்லாதீர்கள். அவள் தப்பாகக் கணக்குப் போட்டு ஒரு மணி நேரம் வெயிலில் உட்கார நேர்ந்தால் உட்காருங்கள். முகத்தைச் சுளிக்காமல்.

விடியற்காலை எழுப்புவது ஒரே ஒரு நாள், அதுவும் அவள் சம்மதித்தால். லமார் பள்ளத்தாக்கில் ஓநாய் பார்க்க அந்த நேரம்தான் சரி. 1995-இல் கனடாவிலிருந்து கொண்டுவந்து விட்ட ஓநாய்களின் வம்சம் அது. சாலையோரம் பெரிய தொலைநோக்கியோடு நிற்பவர்கள் கேட்டால் பெரும்பாலும் பார்க்கவிடுவார்கள். மற்ற நாட்களில் ஒன்பது மணி வரை தூங்கட்டும். பதினாறு வயது உடம்புக்குத் தூக்கம் வேண்டும்.

கண்டிப்பு காட்ட ஆசையாக இருந்தால் இரண்டு இடத்தில் காட்டுங்கள். மரப்பாதையை விட்டு ஓர் அடி வெளியே வைக்கக் கூடாது. மேலே மண் மாதிரி தெரியும், கீழே கொதிநீர். அதில் வெந்து இறந்தவர்கள் இருபது பேருக்கு மேல். இரண்டாவது, பைசனிடமிருந்து 25 கஜம், கரடி, ஓநாயிடமிருந்து 100 கஜம். செல்ஃபி எடுக்கப் போய்க் குத்துப்பட்டவர்கள் பலர் பெரியவர்கள். எனவே இந்த எச்சரிக்கை உங்களுக்கும்தான்.

ட்ரோன் கொண்டுபோகலாமா? (சியாட்டில்)

கூடாது. 2014 முதல் எல்லா தேசியப் பூங்காவிலும் தடை.

ஊரிலிருந்து மாமனார் மாமியார் வந்திருக்கிறார்கள், இருவருக்கும் எழுபது. ராக்கி மவுன்டன் போகலாமா? சீனியர் பாஸ் கிடைக்குமா? (சிகாகோ)

சீனியர் பாஸ் அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டும். விசிட்டர் விசாவில் வந்தவர்களுக்குக் கிடையாது. 2026 முதல் வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்குக் கட்டண முறையே வேறு. பூங்காவின் தளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். டைம்டு என்ட்ரி, அதாவது நுழையும் நேரத்துக்கு முன்பதிவு, வேண்டுமா என்பதையும் அங்கேயே பாருங்கள், அது வருடத்துக்கு வருடம் மாறுகிறது.

அந்தப் பூங்காவின் டிரெயில் ரிட்ஜ் ரோடு 12,000 அடி உயரத்தைத் தாண்டுகிறது. விமானத்திலிருந்து இறங்கியதும் நேராக அங்கே ஏற்றாதீர்கள். டென்வரில் ஓர் இரவு, எஸ்டஸ் பார்க்கில் ஓர் இரவு, அப்புறம் மேலே. இதய நோய் இருந்தால் முதலில் டாக்டரிடம் கேளுங்கள். தலைவலி, குமட்டல் வந்தால் உடனே கீழே இறங்குவதுதான் வைத்தியம். ஆஃப்லைன் மேப், மறக்க வேண்டாம்.

சயான் பூங்காவில் ஏஞ்சல்ஸ் லேண்டிங் பாறை ஏற வேண்டும் என்று மகன் அடம் பிடிக்கிறான். எனக்கு பயம். (பீனிக்ஸ்)

பயப்பட வேண்டிய இடம்தான். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஏறும் கடைசிப் பகுதிக்கு 2022 முதல் பர்மிட் வேண்டும், குலுக்கல் முறையில். பாதி பிரச்சினையை அந்தக் குலுக்கலே தீர்த்துவிடும். கிடைத்தாலும் ஸ்கவுட் லுக்அவுட்டோடு நிறுத்தலாம், அதுவரை பர்மிட் தேவையில்லை. இல்லையென்றால் நாரோஸ் போங்கள், ஆற்றுக்குள்ளேயே நடக்கலாம், இந்த வயதுப் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். பக்கத்து ஊரான ஸ்பிரிங்டேலில் அதற்கான ஷூவும் கம்பும் வாடகைக்குக் கிடைக்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரை திடீர் வெள்ளம் வரும் காலம். தலைக்கு மேல் வானம் நீலமாக இருந்தாலும் எங்கோ மேலே பெய்த மழை ஆற்றில் இறங்கும். வெள்ள அபாயம் பற்றிய அன்றைய அறிவிப்பைப் பார்க்காமல் கால் வைக்காதீர்கள்.

நாங்கள் சைவம். ரூமில் குக்கர் வைத்துக்கொள்ளலாமா? (ஷார்லட்)

பூங்கா லாட்ஜ் ரூம்களில் சமைக்க அனுமதி இல்லை. தாளிக்கும் புகைக்கு அலாரம் அடித்து மொத்தக் கட்டடமும் வாசலுக்கு வந்துவிடும். சமைத்தே ஆக வேண்டுமென்றால் வெளியே கிச்சன் உள்ள வீடு எடுங்கள். புளியோதரை, சப்பாத்தி கட்டிப் போனால் பிக்னிக் மேசைகளில் சாப்பிடலாம். யோசெமிட்டியில் இரவு காரில் சாப்பாடு வைக்காதீர்கள், கரடி கதவைப் பிய்த்துவிடும். பெட்டி வைத்திருக்கிறார்கள், அதில் பூட்டுங்கள்.

ஆகஸ்ட் கடைசியில் யோசெமிட்டி நீர்வீழ்ச்சி எப்படி இருக்கும்? (ஃப்ரீமான்ட்)

பாறையாக இருக்கும். பனி உருகி வரும் தண்ணீர் அது. மே மாதம் போங்கள்.