ரீச்சரிடம் கேளுங்கள்: பூநாரைக்குப் பக்கத்தில் ஒரு காணி

மன்னார்ப் பக்கத்து வங்காலைக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றிப் போன மாதம் இந்தப் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அன்றிலிருந்து எங்கள் வீதித் தபாற்காரருக்கு வேலை கூடிவிட்டது. இம்முறை முழுவதும் வங்காலைதான். மருமகள், மாமியார் கேள்விகள் அடுத்த மாதம் வரை பொறுத்திருக்கட்டும்.

ரீச்சருக்கு வணக்கம். என் கணவர் இந்த வருடம் ஓய்வு பெறுகிறார். தை மாதம் மன்னாருக்குப் போய்வந்ததிலிருந்து வங்காலைப் பக்கம் காணி வாங்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். விடிய எழும்பி ஜன்னலைத் திறந்தால் பூநாரை தெரிய வேண்டுமாம். கடலோரமாக இருபது பேர்ச் மலிவாக வருகிறது என்று ஒரு தரகர் சொல்கிறார். வாங்கலாமா?
— வாசகி, வெள்ளவத்தை

தை மாதம் போனாரா? அதுதான் விஷயம். தை மாதத்து வங்காலையைப் பார்த்துவிட்டுக் காணி தேடுவது, திருவிழா நாளில் ஓர் ஊரைப் பார்த்துவிட்டு அங்கேயே குடிபோக நினைப்பது போன்றது. ஐப்பசி மழை விழுந்தால் களப்பில் தண்ணீர் ஏறும், வடக்கிலிருந்து பறவைகள் வந்து இறங்கும், பங்குனியோடு பெரும்பாலானவை புறப்பட்டுவிடும். உங்கள் கணவரைப் புரட்டாதி மாதம் ஒருமுறை அனுப்பிப் பாருங்கள். தண்ணீர் வற்றி, சேறு வெடித்து, அதன்மேல் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். சோளகக் காற்று அந்த உப்பையும் மணலையும் சேர்த்து வாரிக்கொண்டு வந்து சோற்றுக்கோப்பையில் போடும். அந்த மாதத்திலும் ஊர் பிடித்திருந்தால் மேற்கொண்டு பேசலாம்.

நான் அங்கே இடமாற்றத்தில் போனது 2010 தை மாதம். எனக்கும் அதே மயக்கம்தான். பூநாரைகள் ஜன்னலுக்கு வெளியே நின்று குட்மோர்னிங் சொல்லும் என்று நினைத்தேன். உண்மையில் அவை அரை மைலுக்கு அப்பால் நிற்கும். வெளிறிய ரோசாச் சேலை ஒன்றை யாரோ கொடியில் காயப் போட்டதுபோல ஒரு கோடு தெரியும், அவ்வளவுதான். தொலைநோக்கியை வாங்கிய பிறகுதான் அவை செய்கிற வேலை விளங்கியது. கால்களால் சேற்றை மிதித்துக் கலக்கி, தலையைக் குப்புறக் கவிழ்த்து அலகை நீரில் வைத்து, சேறு கலந்த தண்ணீரை உறிஞ்சி வடித்துத் தள்ளுகின்றன. அலகுக்குள் சல்லடை மாதிரி ஒன்று இருக்கிறது. சின்னஞ்சிறு இறால் வகையும் பாசியும் அதில் தங்கும். இறகின் நிறமே அந்தத் தீனியிலிருந்து வருவதுதான். நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற சேறு, அவற்றுக்குச் சாப்பாட்டு மேசை.

காணிக்கு வருகிறேன். கடலோரம் மலிவாக வருகிறது என்றால் ஏன் மலிவு என்று கேட்க வேண்டும். 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி, உயர்நீர் எல்லையிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டடம் எழுப்பக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். தரகர் இதைச் சொல்லியிருக்க மாட்டார். இரண்டாவது, அது விற்பவரின் பெயரில் உறுதிப்பத்திரம் உள்ள உறுதிக் காணியா, பெர்மிட் காணியா என்று பாருங்கள். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் கொடுத்த பெர்மிட் காணியை நினைத்தபடி விற்க முடியாது. ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு காசைக் கொடுத்தவர்கள் சிலரை எனக்குத் தெரியும். வங்காலை நானாட்டான் பிரதேச செயலகத்துக்கு உட்பட்டது. அங்கே காணிப் பகுதியில் ஒருநாள் செலவழியுங்கள். மூன்றாவது, காணி அங்குள்ள வங்காலைச் சரணாலயத்தின் எல்லைக்கு உள்ளேயா வெளியேயா என்பது. அதைத் தரகரின் கைவிரல் காட்டிய திசையில் பார்க்காமல் வர்த்தமானியிலும் வரைபடத்திலும் பாருங்கள்.

இதற்கெல்லாம் மேலாகத் தண்ணீர். நான் வாடகைக்கு இருந்த வளவில் ஒரு பழைய கிணறு இருந்தது. கொழும்புக்காரி அல்லவா, போன முதல் மாதமே மோட்டர் பூட்டித் தொட்டிக்கு ஏற்றினேன். வைகாசியில் தேநீர் கரிக்கத் தொடங்கியது. சவர்க்காரம் நுரைக்கவில்லை. பக்கத்து வீட்டு ஆச்சி வந்து விரலைத் தோய்த்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, “பால்சட்டியில் ஆடை எடுப்பதுபோல எடுக்க வேண்டும் பிள்ளை, நீ சட்டியையே கவிழ்த்துவிட்டாய்” என்றார். நான் விஞ்ஞானப் பட்டதாரி. ஆச்சி ஐந்தாம் வகுப்பு. மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. வாளியால் அள்ளினால் அந்தப் படை குலையாது. மோட்டர் வேகமாக இழுத்தால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும். மோட்டரைக் கழற்றிக் கயிறும் வாளியும் போட்டேன். அடுத்த மாரி வரை அந்தக் கிணறு என்னோடு கோபமாகவே இருந்தது.

உப்புக்காற்றைப் பற்றி வெள்ளவத்தையில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பிணைச்சல்களைப் பித்தளையில் போடுங்கள் என்பதோடு விடுகிறேன்.

என் தீர்ப்பு: வாங்க வேண்டாம். ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள். ஆவணியும் புரட்டாதியும் அதற்குள் கட்டாயம் அடங்க வேண்டும்.

சரணாலயம் என்றால் வனஜீவராசிகள் திணைக்களம் ஊரவர்களை அண்ட விடாதாமே? மாடு மேய்க்கவும் வலை வீசவும் தடையென்றால் அங்கே எப்படி வாழ்கிறார்கள்?
— வாசகர், கொட்டாஞ்சேனை

தம்பி தேசியப் பூங்காவோடு குழப்பிக்கொள்கிறார். எங்கள் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. அதில் பல வகைக் காப்பிடங்கள் உண்டு. யால, வில்பத்து போன்ற பூங்காக்களுக்குள் அனுமதிச்சீட்டு இல்லாமல் கால் வைக்க முடியாது. சரணாலயம் அப்படியல்ல. தனியார் காணியும் அதற்குள் அடங்கலாம், வழிவழியாகச் செய்துவந்த தொழிலும் தொடரலாம். வேட்டை கூடாது, முட்டையில் கைவைக்கக் கூடாது.

வங்காலைச் சரணாலயம் 2008இல் பிரகடனமானது. 2010 ஜூலையில், நான் கிணற்றோடு மல்லுக்கட்டிய அதே வருடம், ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் பட்டியலில் ஓர் ஈரநிலமாகவும் ஆனது. 4,839 ஹெக்டேயர். மதவாச்சியிலிருந்து மன்னாருக்குப் போகும் பெருவீதியே அதன் ஊடாகத்தான் ஓடுகிறது. ஊர் அதற்கு முன்பே இருந்தது. சரணாலயத்துக்குப் பக்கத்தில் ஊர் என்று நாங்கள் கொழும்பிலிருந்து சொல்கிறோம். அங்குள்ளவர்களைக் கேட்டால், ஊருக்குப் பக்கத்தில் சரணாலயம் வந்தது என்பார்கள். என் வகுப்பில் ஒரு பையன் பறவை படம் வரையச் சொன்னால் முதலில் மாட்டை வரைந்து அதன் முதுகில் கொக்கை வைப்பான். நான் பிழை போட்டதில்லை.

வங்காலை ஒரு சரித்திரக் கிராமம் என்று எழுதியிருந்தீர்கள். கோட்டை, மாளிகை ஏதும் உண்டா?
— மாணவி, பம்பலப்பிட்டி

கோட்டை வேண்டுமானால் மன்னார்த் தீவுக்குப் போங்கள். 1560இல் போர்த்துக்கேயர் கட்டியது, 1658இல் ஒல்லாந்தர் பிடித்தது. வங்காலையில் நீங்கள் கண்ணால் பார்க்கக்கூடியது புனித ஆனாள் ஆலயம். ஆனால் அயலில் மாந்தை இருக்கிறது. பழைய மாதோட்டத் துறைமுகம் அதுதான். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரமும் அதன் பாலாவித் தீர்த்தமும் அங்கேதான். 1980களின் தொடக்கத்தில் அங்கே நடந்த அகழ்வில் சீனப் பீங்கானும் மேற்காசிய மெருகுப் பாண்டங்களும் கிடைத்தன. யுத்தம் வந்து தோண்டுவதை நிறுத்தியது. சுந்தரர் பாடிய கரையும் சீனப் பீங்கான் இறங்கிய கரையும் ஒன்று என்று நான் வகுப்பில் சொன்னபோது, பின்வரிசைப் பிள்ளையொன்று, “ரீச்சர், அவர்கள் மீன் வாங்க வந்தார்களா?” என்று கேட்டது. முத்து வாங்க வந்தார்கள் என்றேன். அதில் பிள்ளைக்குத் திருப்தியில்லை.

சரித்திரம் என்பது கல்லில் மட்டும் இருப்பதில்லை, தங்கச்சி. 1985 ஜனவரியில் வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்டியன் அடிகளார் அங்கேயே கொல்லப்பட்டார். அந்தப் பெயரைச் சொல்லும்போது இன்றும் அங்கே குரலைத் தாழ்த்துவார்கள். விடுமுறைக்குப் போகிறவர்கள் கமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆலய முற்றத்தில் சத்தமாகச் சிரிப்பதற்கு முன் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

ஒரு சனி, ஞாயிறில் கொழும்பிலிருந்து போய்ப் பறவை பார்த்துவிட்டுத் திரும்ப முடியுமா?
— வாசகர், தெஹிவளை

முடியும், முதுகு ஒத்துழைத்தால். வீதியால் ஏறத்தாழ 300 கிலோமீற்றர். தலைமன்னார் வரை ரயில் பாதை 2015இல் திரும்பத் திறக்கப்பட்டது. ஓடும் நேரத்தைக் கோட்டை நிலையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் புறக்கோட்டையில் இரவு பஸ் ஏறுங்கள். மன்னாருக்குள் நுழையும் பாலத்துக்கு இரு பக்கமும் வீதியோரத்தில் நின்றாலே ஊசிவால் வாத்துகளைக் கூட்டங்கூட்டமாகப் பார்க்கலாம். மார்கழி அல்லது தை, காலை ஆறிலிருந்து எட்டு மணிக்குள். ட்ரோன் கொண்டுபோகாதீர்கள். ஒருமுறை யாரோ அதை ஏவியதும் ஆயிரக்கணக்கில் எழும்பிப் பறந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் சைபீரியா வரை திரும்பப் பறக்கச் சேர்த்துவைக்கும் கொழுப்பை இப்படி வீணாக எரிக்க வைப்பது, பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் சோற்றைத் தட்டிவிடுகிற வேலை.

மன்னார்க் கழுதைகள் யாருடையவை?
— வாசகி, மட்டக்குளி

அரபு வணிகர் கொண்டுவந்தவற்றின் வம்சம் என்பார்கள். இப்போது அவை யாருடையவை என்று தெரிய வேண்டுமென்றால், ஒரு கழுதையை வாகனத்தால் இடித்துப் பாருங்கள். உரிமைக்காரர் உடனே வருவார்.

இவ்வளவு தெரிந்த நீங்கள் ஏன் கொழும்புக்குத் திரும்பினீர்கள்?
— பெயர் வேண்டாம், கல்கிசை

என் கணவரின் கண் சத்திரசிகிச்சைக்காக இரண்டு வாரம் என்று வந்தோம். அது 2016ஆம் ஆண்டு. கிணற்றுக் கயிற்றை மட்டும் ஆச்சி என் கையில் கொடுத்து அனுப்பினார், எதற்கென்று சொல்லவில்லை. இப்போது மூன்றாம் மாடி பல்கனியில் அதில்தான் உடுப்புக் காயப் போடுகிறேன். நல்ல கயிறு.