ரெண்டு எனர்ஜின்னா ரெண்டு மடங்கு கதிரா?

கேள்வி: அப்பாவுக்கு லிவர்ல 2 செ.மீ. கேன்சர் கட்டி. ஆபரேஷன் வேணாம், ஊசியை உள்ள விட்டு மைக்ரோவேவ்ல சுட்டுடலாம், டூயல் எனர்ஜி சிடில பாத்துப் பண்ணுவோம்னு சொல்றாங்க. ரெண்டு எனர்ஜின்னா கதிரும் ரெண்டு மடங்கு ஏறாதா டாக்டர்? சாதா சிடி போதாதா?
– வாசகி, திருச்சி

பதில்: ஏறாதும்மா, அந்த பயம் வேணாம். எக்ஸ்ரேயோட எனர்ஜியை மெஷின்ல வைக்கற வோல்ட் அளவுதான் தீர்மானிக்கும், சாதா சிடி பெரும்பாலும் 120 கிலோவோல்ட்ல ஓடும், டூயல் எனர்ஜி சிடில பல மெஷின்கள் 80, 140னு ரெண்டு அளவுல எடுக்கும், ஆனா கதிர் டோஸை ரெண்டுக்கும் பிரிச்சுக்கறதால கூட்டிப் பாத்தா கிட்டத்தட்ட சாதா சிடி அளவுதான் வரும்.

ஏன் ரெண்டுன்னா, நரம்புல ஏத்தற கான்ட்ராஸ்ட் மருந்துல அயோடின் இருக்கு, அது கம்மி எனர்ஜில பளிச்சுனு தெரியும் எனர்ஜி கூடினா மங்கிடும், லிவர் சதை அந்த அளவுக்கு மாறாது, அந்த வித்தியாசத்தை வச்சு அயோடின் எங்கெல்லாம் போயிருக்குனு கம்ப்யூட்டர் தனிப் படமாவே போட்டுக் குடுத்துடும். இந்த யோசனையை சிடியைக் கண்டுபிடிச்ச ஹவுன்ஸ்ஃபீல்டே 1973ல எழுதிட்டார், ஆஸ்பத்திரிகள்ல பரவலா வரத்தான் முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு.

ஊசி உலோகம்ங்கறதால சிடில அதை சுத்தி கறுப்பும் வெள்ளையுமா கோடு கோடா விழுந்து பக்கத்துல இருக்கற கட்டியையே மறைச்சுடும். அதே ஸ்கேன்லருந்து அதிக எனர்ஜிப் படத்தை எடுத்துப் பாத்தா அந்தக் கோடு நல்லாவே குறையும்.

ஆனா நான் ரொம்ப முக்கியம்னு நினைக்கறது சுட்டு முடிச்சதும் எடுக்கற படம்தான். சுட்ட சதை சில சமயம் கான்ட்ராஸ்ட் இல்லாமலே வெள்ளையாத் தெரியும், அது செத்த சதையா, இல்ல ரத்தம் ஓடிட்டு இருக்கற மிச்சக் கட்டியானு சாதா சிடில குழப்பம் வரலாம். அயோடின் படத்துல செத்த இடம் ரத்தம் போகாததால இருட்டா இருக்கும், ஓரத்துல எங்கயாவது அயோடின் ஏறியிருந்தா அங்க சந்தேகம், தேவைன்னா அப்பவே இன்னொரு தடவை சுட்டுடலாம்.

இது இல்லாம பண்ண முடியாதுனு இல்ல, நிறைய இடத்துல அல்ட்ராசவுண்ட் பாத்தே நல்லா பண்றாங்க, செய்யற கையோட அனுபவம் அவ்ளோ முக்கியம். அதனால மெஷினைப் பத்திக் கேக்கறதைவிட "கட்டியைத் தாண்டி எல்லாப் பக்கமும் எத்தனை மில்லிமீட்டர் சுட்டிருக்கீங்க"னு கேளுங்க, குறைஞ்சது 5 மி.மீ. வேணும், 10 இருந்தா இன்னும் நல்லது. அப்பாவோட கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்யுதுனு பாக்கற ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட்டைக் கையோட எடுத்துட்டுப் போங்க, சுகருக்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டா அதையும், ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாவது போட்டா அதையும் முன்னாடியே சொல்லிடுங்க.